முதலில் இறங்கும் வழி: டேபிள் மவுண்டனில் ஒரு நாள்

கேப்டவுனின் லாங் ஸ்ட்ரீட்டில் காலைச் சிற்றுண்டி முடித்து வாடகைக் கார் பிடித்தால், சற்று நேரத்தில் டேபிள் மவுண்டனின் அடிவாரப் பாதைக்கு வந்துவிடலாம். ஆயிரம் மீட்டரைத் தாண்டிய மலை. மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல். காலடியில் லட்சக்கணக்கானோர் வாழும் நகரம். பெருநகரத்தின் நடுவிலேயே இப்படி ஒரு மலை நிற்பது உலகில் அரிது. அந்த நெருக்கம்தான் வருகிறவர்களை ஏமாற்றுகிறது. ரப்பர் செருப்பும் அரை லிட்டர் தண்ணீரும் போதும், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம் என்று நினைத்து ஏறுகிறவர்களை எந்தப் பருவத்திலும் பார்க்கலாம். கீழே கடைத்தெரு விளக்குகள் தெளிவாகத் தெரிகிற தூரத்தில், பாறை இடுக்கில் இரவு முழுக்க நடுங்கிக் கிடந்து மீட்கப்பட்டவர்கள் உண்டு. உயிரை இழந்தவர்களும் உண்டு.

வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் எந்தப் பாதையில் ஏறலாம் என்பதிலிருந்து தொடங்கும். இந்த மலைக்கு அது சரிப்படாது. இங்கே திட்டம் போடுகிறவர் முதலில் எப்படி இறங்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஏறும் பாதை, புறப்படும் நேரம், பையில் எடுத்துப்போகும் பொருள்கள் எல்லாம் அந்த முடிவிலிருந்துதான் பிறக்கின்றன.

கேபிள் காரை நம்பலாமா?

மலையுச்சிக்குக் கேபிள் கார் ஓடத் தொடங்கியது 1929 அக்டோபரில். 1997இல் வந்த புதிய வண்டிகள் ஒவ்வொன்றிலும் 65 பேர் ஏறலாம். மேலே போகப் போக வண்டியின் தரை மெல்லச் சுழல்வதால் நின்ற இடத்திலிருந்தே நான்கு திசையும் பார்த்துவிடலாம். கீழ் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 302 மீட்டரிலும் மேல் நிலையம் 1,067 மீட்டரிலும் இருக்கின்றன. ஏறவோ இறங்கவோ ஐந்து நிமிடம் போதும். ஒருவழிச் சீட்டும் கிடைக்கும். ஆகவே பலரும் போடும் திட்டம் ஒன்றுதான்: காலையில் நடந்து ஏறுவோம், மாலையில் கேபிள் காரில் இறங்குவோம். முழங்காலுக்கும் நல்லது, நேரமும் மிச்சம்.

காற்று அனுமதித்தால் நல்ல திட்டம்தான். ஆனால் காற்று ஓர் அளவைத் தாண்டினால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். இது ஆண்டுக்கு ஓரிரு நாள் நடக்கும் விஷயம் இல்லை; கோடையில் தொடர்ந்து பல நாள் நின்றுபோவதும் வழக்கம். குளிர்காலத்தில் பராமரிப்புப் பணிக்காகச் சில நாள் மூடிவைப்பதும் உண்டு. காற்று வலுக்கும்போது மேல் நிலையத்தில் சங்கு ஒலிக்கும். உச்சியில் உலாவுகிறவர்கள் உடனே நிலையத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கான அறிவிப்பு அது. நிலையத்தின் அருகில் படம் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அது போதிய எச்சரிக்கை. மலையின் மிக உயர்ந்த இடமான மக்லியர் பீக்கனில் நிற்பவருக்கோ நிலையம் ஒரு மணி நேர நடைத்தூரம். அவர் போய்ச் சேர்வதற்குள் கடைசி வண்டி போயிருக்கலாம்.

கேபிள் கார் கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை என்ற கணக்கில்தான் திட்டம் இருக்க வேண்டும். தன் கால்களால், வெளிச்சத்திலேயே, தெரிந்த ஒரு பாதையில் இறங்கி முடிக்கும் அளவுக்கு நேரமும் தெம்பும் தண்ணீரும் மீதி வைத்துக்கொண்டு உச்சியைத் தொடுகிறவரே சரியாகத் திட்டமிட்டவர்.

காற்றும் மேகமும்

கோடையில், அதாவது அக்டோபர் முதல் மார்ச் வரை, கேப்டவுனில் தென்கிழக்குக் காற்றின் ஆட்சி. நகரத்தின் புகையையும் மாசையும் கடலுக்குத் தள்ளிவிடுவதால் ஊர்மக்கள் இதற்கு 'கேப் டாக்டர்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையின் தென்கிழக்குச் சரிவில் மோதுகிறது. போக வேறு வழியில்லாமல் ஆயிரம் மீட்டர் மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த ஈரம் மேகமாகத் திரள்கிறது. அந்த மேகம் தட்டையான உச்சி முழுவதும் பரவி, வடக்கு விளிம்பில் நகரத்தை நோக்கி வழிந்து, கீழே வெப்பமான காற்றைத் தொட்டதும் மறைந்துபோகிறது. மேலே புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும், கீழே கரைந்துகொண்டே இருக்கும். நகரத்திலிருந்து பார்க்கிறவருக்கு, மேசைமீது வெள்ளைத் துணி விரித்து ஓரம் தொங்கவிட்ட தோற்றம். அஞ்சலட்டைகளில் அச்சாகும் புகழ்பெற்ற 'மேசைவிரிப்பு' இதுதான். வான் ஹங்க்ஸ் என்ற பழைய கடற்கொள்ளைக்காரர் சாத்தானோடு புகைபிடிக்கும் போட்டியில் உட்கார்ந்திருக்கிறார், அந்தப் புகைதான் இது என்று உள்ளூரில் கதை சொல்வார்கள்.

கீழிருந்து பார்க்க இவ்வளவு அழகான அந்தத் துணிக்கு உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு நிலைமை வேறு. பத்தடி தூரத்துப் பாறை தெரியாது. சட்டை நனையும். காற்று ஆளைத் தள்ளும். கீழே கடற்கரையில் மக்கள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் மேலே விரல்கள் விறைத்துப்போகும். தெளிவாக இருந்த உச்சியை ஒரு மணி நேரத்துக்குள் மேகம் மூடிவிடும் என்பதால், காலையில் வானம் நீலமாக இருந்தது என்பது எதற்கும் உத்தரவாதம் ஆகாது.

முந்தின நாள் இரவே காற்றின் முன்னறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். அதிலும் மலையுச்சியின் உயரத்துக்கான முன்னறிவிப்பு வேண்டும். விமான நிலையத்துக்கான முன்னறிவிப்பு இதற்கு உதவாது. காலையில் கேபிள் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் வண்டி ஓடுகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. கேபிள் காரில் ஏறும் எண்ணமே இல்லாதவருக்கும் அது பயன்படும். காற்றால் வண்டி நின்றிருந்தால் அன்று உச்சியில் நடப்பது சுகமாக இருக்காது என்று பொருள்.

குளிர்காலக் கதை வேறு. மே முதல் ஆகஸ்ட் வரை வடமேற்கிலிருந்து மழைமேகங்கள் அலையலையாக வரும். ஓடைகள் பெருகும், பாறைகள் வழுக்கும். இரண்டு மழைகளுக்கு இடையே காற்றே இல்லாத, கண்ணாடிபோல் தெளிந்த நாள்களும் வரும். அப்படி ஒரு நாள் வாய்த்தால் அதைவிட நல்ல நடை கிடையாது. ஆனால் ஜூனில் மாலை ஐந்தே முக்காலுக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. டிசம்பரில் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் பள்ளிகளின் கோடை விடுமுறை அங்கே மழைக்காலத் தொடக்கத்தில் விழுகிறது. அரையாண்டு விடுமுறை தென்கிழக்குக் காற்று உக்கிரமாக வீசும் டிசம்பரில் விழுகிறது. விடுப்பைத் தன் விருப்பப்படி எடுக்க முடிந்தவர்கள் மார்ச் கடைசியும் ஏப்ரலும் சேர்ந்த காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். காற்று தணிந்திருக்கும், மழை பிடித்திருக்காது, வெயிலும் வாட்டாது. டிசம்பரிலோ மே மாதத்திலோதான் முடியும் என்றால், கேப்டவுனில் தங்கும் நாள்களில் மலைக்கென்று ஒரே ஒரு நாளைக் குறித்துவைக்காமல், எந்த நாள் நன்றாக வருகிறதோ அந்த நாளில் ஏறும்படி மற்ற ஊர்சுற்றலை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். ராபன் தீவுப் படகுச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டியது. மலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வெயில் எந்தப் பக்கம்?

பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்கு வானத்தின் வழியாகப் போகிறது. ஆகவே நகரத்தைப் பார்த்த வடக்கு முகம் பகல் முழுக்க வெயிலில் காயும். கிழக்குச் சரிவு பிற்பகலிலேயே நிழலுக்குள் போய்விடும். இந்த ஒரு விவரம் பாதைத் தேர்வில் பாதியை முடித்துவிடுகிறது.

வடக்கு முகத்தை நேராகப் பிளந்துகொண்டு ஏறும் பாதை பிளாட்டெக்லிப் கார்ஜ். கேபிள் கார் கீழ் நிலையத்தைத் தாண்டி, டாஃபல்பர்க் சாலையில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் போனால் பெயர்ப்பலகையோடு தொடக்கம் தெரியும். தூரம் மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் அறுநூறு மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். கல் பதித்த படிகள் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும். வழி தவற வாய்ப்பு குறைவு, கையால் பிடித்து ஏற வேண்டிய பாறைகள் இல்லை. பழக்கமுள்ளவருக்கு ஒன்றரை மணி நேரம், சாதாரணமாக நடப்பவருக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம். நிழல் என்பது உச்சியை நெருங்கும்போது பாறைச் சுவர்கள் இறுக்கிவரும் இடத்தில்தான். கோடையில் பத்து மணிக்கு மேல் இதில் ஏறத் தொடங்குகிறவர் வெயிலால் அவதிப்படுவது நிச்சயம்.

வரலாற்றில் பதிவான முதல் ஏற்றமும் இந்த இடுக்கின் வழியாகத்தான் நடந்தது என்கிறார்கள். 1503இல் போர்ச்சுகீசியக் கப்பல் தலைவர் அன்டோனியோ டி சல்டானா, தன் கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள மேலே ஏறிப் பார்த்தார். பின்னால் டச்சுக்காரர்கள் குடியேறினார்கள். 1658 முதல் அடிமைகளை இறக்கத் தொடங்கினார்கள். அவர்களில் கோரமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. பிளாட்டெக்லிப் ஓடையில்தான் அடிமைப் பெண்கள் நகரத்தின் அழுக்குத் துணிகளைத் துவைத்தார்கள். இன்று உல்லாசமாகக் கடந்துபோகும் அந்த ஓடைக்கரையில் நம் கடற்கரை ஊர்களிலிருந்து பிரிக்கப்பட்டவர்களின் உழைப்பும் கிடக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு கடப்பது நியாயம்.

பிளாட்டெக்லிப்பைப் பற்றிச் சொல்லும்போதே அருகிலிருக்கும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கேபிள் கார் கீழ் நிலையத்தின் பக்கத்திலேயே ஒரு பாதை மலையை நோக்கி ஏறும். அதன் பெயர் இந்தியா வென்ஸ்டர். நிலையத்தில் நீண்ட வரிசையைப் பார்த்து மலைத்து, நடந்தே போய்விடலாம் என்று முடிவெடுப்பவரின் கண்ணில் முதலில் படுவது இதுதான். தொடக்கம் எளிமையாக இருக்கும். பாதி வழியில் பாறையில் அடித்த இரும்புப் பிடிகளையும் சங்கிலியையும் பற்றி ஏறவேண்டி வரும். அதற்கு மேல் தடம் பிரிந்து குழப்பும். இந்த மலையில் விபத்துகள் மிகுதியாக நடந்த பாதைகளில் இதுவும் ஒன்று. பெயரில் இந்தியா இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். முன்பே ஏறிய அனுபவமுள்ள ஒருவர் உடன் இல்லாமல் இதில் போகக் கூடாது. இறங்குவதற்கு அறவே கூடாது.

பரிந்துரைக்கும் ஒரு நாள்

முழு நாள் ஒதுக்கி, மலையின் இரண்டு முகங்களையும் பார்க்க விரும்புகிறவருக்கு இந்த நூல் சொல்லும் வழி இது: கிழக்கே கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவிலிருந்து ஸ்கெலிட்டன் கார்ஜ் வழியாக ஏற்றம், மக்லியர் பீக்கன், பிறகு பிளாட்டெக்லிப் வழியாக இறக்கம். ஓய்வையும் சேர்த்து ஆறு முதல் ஏழு மணி நேரம். இறங்கும் பாதை தெளிவானது, படிகளால் ஆனது, நகரத்தில் கொண்டுபோய் விடுவது. கேபிள் கார் ஓடினால் உச்சியிலிருந்தே அதைப் பிடித்துக்கொள்ளலாம். இந்த வழியைத் தேர்ந்ததற்குக் காரணமே அதுதான்.

1913இல் நிறுவப்பட்ட கிர்ஸ்டன்போஷ் காலை எட்டு மணிக்குத் திறக்கும். நுழைவுக் கட்டணம் உண்டு. எட்டுக்கே வாசலில் நிற்பது நல்லது. பூங்காவின் மேல் எல்லையைத் தாண்டியதும் பாதை அடர்ந்த காட்டுக்குள் நுழைந்துவிடும். கோடையிலும் இங்கே ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும். ஓடையை ஒட்டிப் படிகள் செங்குத்தாக ஏறும். நடுவில் பாறைமீது சாத்திய மர ஏணிகள் வரும். அதன்பின் சிறிது தூரம் ஓடைப்படுகையிலேயே கல் கல்லாகத் தாவிக் கையூன்றி ஏற வேண்டும். மழைக்குப் பிறகு இந்தப் பகுதி மிகவும் வழுக்கும். முந்தின இரண்டு நாள்களில் கனமழை பெய்திருந்தால் ஸ்கெலிட்டனை விட்டுவிட்டு, பக்கத்திலேயே ஏறும் நர்சரி ரவைனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மழை இல்லாத நாளிலும் ஸ்கெலிட்டன் ஏறுவதற்கு மட்டுமே உகந்தது. கிர்ஸ்டன்போஷுக்கே திரும்பி இறங்க நேர்ந்தால் நர்சரி ரவைன்தான் வழி.

இந்த ஓடையில் கைகால் கழுவும்போது சோப்பு வேண்டாம். டேபிள் மவுண்டன் பேய்த்தவளை என்ற சிறிய தவளை உலகிலேயே இந்த மலையின் சில ஓடைகளில் மட்டும்தான் வாழ்கிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர் அது.

ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் காடு முடிந்து சட்டென்று வெளி திறக்கும். மணற்பாதை, முழங்கால் உயரப் புதர்கள், தேநீர் நிறத்தில் ஓடும் நீர். அந்த நிறம் அழுக்கால் வந்ததில்லை. இங்குள்ள செடிகளின் இலைச்சாறு ஊறியதால் வந்தது. இடப்பக்கம் சில நிமிடம் நடந்தால் ஹெலி-ஹட்சின்சன் நீர்த்தேக்கம். அதை அடுத்து வுட்ஹெட் நீர்த்தேக்கம். குடிநீருக்குத் தவித்த கேப்டவுனுக்காக 1890களிலும் 1900களின் தொடக்கத்திலும் இந்த உச்சியில் கல் அணைகளைக் கட்டினார்கள். தண்ணீர் குறைந்த மாதங்களில் நீர்த்தேக்கத்தின் ஓரம் வெள்ளை மணல் விரிந்து, மலையுச்சியில் ஒரு கடற்கரை வந்ததுபோல் இருக்கும். மதிய உணவுக்கு இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை.

திரும்பி வந்து வடக்கே ஏறினால் ஸ்மட்ஸ் டிராக். தென்னாப்பிரிக்காவின் பிரதமராக இருந்த ஜான் ஸ்மட்ஸ் முதுமையிலும் விடாமல் நடந்த வழி இது. முதல் உலகப்போரில் இறந்த மலையேறிகளுக்கான நினைவுப் பலகையை 1923இல் உச்சியில் திறந்துவைத்துப் பேசியவரும் அவர்தான். தமிழ் வாசகர் அவரை வேறு விதமாகவும் அறிவார்: காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் தில்லையாடி வள்ளியம்மை உள்ளிட்ட தமிழர்கள் சிறை சென்றபோது அரசின் முக்கிய அமைச்சர் அவர். சிறையில் காந்தி தன் கையால் தைத்த செருப்பைப் பரிசாகப் பெற்றவரும் அவரே.

அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடந்தால் மக்லியர் பீக்கன். பூமியின் வடிவத்தை அளக்கும் பணிக்காக வானியலாளர் தாமஸ் மக்லியர் 1844இல் எழுப்பிய கற்குவியல், சுமார் 1,085 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேபிள் கார் நிலையத்தைவிடப் பதினெட்டு மீட்டர்போல உயரம். நிலையத்தைச் சுற்றியுள்ள கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை. தெற்கே ஃபால்ஸ் வளைகுடா, வடக்கே டேபிள் வளைகுடாவும் ராபன் தீவும், நடுவே மணல்வெளியில் பரந்த நகரம்.

இங்கிருந்து மேற்கே, பாறைகளில் மஞ்சள் நிறத்தில் தீட்டிய பாதச்சுவடுகளைப் பின்தொடர்ந்தால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் பிளாட்டெக்லிப் தலைப்பு வரும். வழி பெரும்பாலும் சமம். சதுப்பான இடங்களில் பலகை பாவியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை ஈரம் கசியும் பாறைகளில் சிவப்பு டிசா என்ற ஆர்க்கிட் பூத்திருக்கும். சிவப்பைக் கண்டால் மயங்கும் ஒரே ஒரு வகைப் பழுப்புப் பட்டாம்பூச்சிதான் அதில் மகரந்தம் சேர்க்கிறது. சிவப்புத் தொப்பி அணிந்து நடப்பவரையும் அது சுற்றிப் பார்ப்பதுண்டு. பிளாட்டெக்லிப் தலைப்பில் நின்று முடிவெடுக்க வேண்டும்: கேபிள் கார் ஓடுகிறது, வரிசை குறைவு என்றால் நேரே இருபது நிமிடத்தில் நிலையம், இல்லாவிட்டால் வலப்பக்கம் படிகளில் இறக்கம், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்.

ஒரு கணக்கைப் புறப்படும் முன்பே போட்டுவைப்பது நல்லது. ஜூன் மாதமானால் பிளாட்டெக்லிப் தலைப்பை பிற்பகல் மூன்று மணிக்குள் அடைய வேண்டும். அப்படி அடைய முடியாது என்று நீர்த்தேக்கத்தருகே நிற்கும்போதே தெரிந்தால், பீக்கனை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிட்டு நர்சரி ரவைன் வழியே இறங்கிவிடுவதே சரி.

கால், பை, துணை

செருப்பு கூடாது, பிடிமானமுள்ள ஷூ வேண்டும். ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர், கோடையில் மூன்று. கேப்டவுன் குழாய்த் தண்ணீரே குடிக்கத் தகுந்தது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி, ஒரு கம்பளிச் சட்டை, தொப்பி, தலையில் மாட்டும் டார்ச், முழுக்க ஏற்றிய கைபேசி, இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம். வெயில் கொளுத்தும் காலையில் கம்பளிச் சட்டை வேடிக்கையாகத் தோன்றும். அதை எடுத்துப் போகாதவர்தான் மேலே மேகத்துக்குள் நடுங்குகிறார்.

முழுக்கால் சட்டை அணியச் சொல்வதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. கொத்தமல்லித் தழையைச் சற்றுப் பெரிதாக்கியதுபோன்ற இலையுடன் ஒரு செடி நிழலான இடுக்குகளில் வளர்கிறது. ஆங்கிலத்தில் பிளிஸ்டர் புஷ் என்பார்கள். உரசிப்போனால் அப்போது ஒன்றும் தெரியாது. சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் இரண்டு மூன்று நாள் கழித்துக் கொப்புளங்கள் கிளம்பும். தழும்பு மாதக்கணக்கில் இருக்கும். உரசிவிட்டது என்று சந்தேகம் வந்தால் அந்த இடத்தை நன்றாகக் கழுவி, சில நாள் வெயில் படாமல் மூடிவைக்க வேண்டும்.

தனியாகப் போக வேண்டாம். நான்கு பேராவது சேர்ந்து போவது நல்லது. அதற்கு மலை மட்டும் காரணமில்லை. நகரத்தை ஒட்டிய பாதைகளில் வழிப்பறி நடக்கிறது. எந்தப் பாதையில் அண்மையில் தொல்லை என்பதைத் தங்குமிடத்தில் கேட்டால் சொல்வார்கள். நகையைக் கழற்றி வைத்துவிட்டு, கைபேசியைப் பைக்குள் போட்டு நடக்கலாம்.

நெருப்பு மூட்டுவதும் புகைபிடிப்பதும் இங்கே சின்ன விஷயம் அல்ல. ஃபின்போஸ் எனப்படும் இந்தப் புதர்க்காடு காய்ந்த காலத்தில் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும். 2021 ஏப்ரலில் மலைச்சரிவில் பிடித்த தீ கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்குள் இறங்கி, ஆப்பிரிக்க ஆவணங்கள் நிறைந்த ஜாகர் வாசிப்பு அறையைச் சாம்பலாக்கியது. தீக்குப் பின் பாதைகளை மூடிவைப்பார்கள் என்பதால், தேசியப் பூங்காவின் அறிவிப்புகளைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உச்சியை மேகம் மூடிய நாளிலும் நடக்க விரும்பினால் மாற்று வழி உண்டு. க்ளூஃப் நெக்கிலிருந்து கேம்ப்ஸ் பே கடற்கரைக்கு மேலே, மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும் பைப் டிராக், குடிநீர்க் குழாய்க்காகப் போட்ட பாதை. பெரிய ஏற்றமில்லை, வழியெங்கும் அட்லாண்டிக் தெரியும், நினைத்த இடத்தில் திரும்பிவிடலாம். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருகிற குடும்பத்துக்கு எல்லா நாளிலும் இதுவே பொருத்தம். 669 மீட்டர் உயரமுள்ள லயன்ஸ் ஹெட் அரைநாள் போதும் என்பவர்களுக்கு. அங்கும் சங்கிலி பிடித்து ஏறும் இடங்கள் இருக்கின்றன.

ஏறும் இடமும் இறங்கும் இடமும் வேறு வேறு என்பதால் சொந்தமாக வாடகைக்கு எடுத்த கார் இந்த நடைக்குத் தொல்லை. காலையில் டாக்ஸியிலோ சுற்றுலாப் பயணிகளுக்கான சிவப்புப் பேருந்திலோ கிர்ஸ்டன்போஷ் போய், மாலையில் கேபிள் கார் கீழ் நிலையத்திலிருந்து ஊர்திரும்புவதே வசதி. பிளாட்டெக்லிப்பில் இறங்கியவர் டாஃபல்பர்க் சாலையில் இடப்பக்கம் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் நிலையம். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் நடக்கக் கூடாது.

மேகத்தில் சிக்கினால்

எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் ஒரு நாள் மேகம் முந்திக்கொள்ளும். அப்போது மனம் சொல்வது, எப்படியாவது கீழே போய்விடு என்பதுதான். கீழே தெரியும் ஏதோ ஓர் இடுக்கில் இறங்கத் தோன்றும். இந்த மலையின் பல இடுக்குகள் பாதிவரை நல்ல வழிபோல் இறங்கி, செங்குத்துப் பாறை விளிம்பில் போய் முடிகின்றன. மேலேறித் திரும்புவதும் கடினம். கடைசியாகப் பார்த்த மஞ்சள் சுவடு கண்ணில் படுகிறவரை அதையே பற்றிக்கொண்டு மெல்ல நகரலாம். சுவடும் தெரியாவிட்டால் காற்றுப் படாத பாறை மறைவில் எல்லாரும் நெருங்கி உட்கார்ந்து, இருக்கும் துணியையெல்லாம் போட்டுக்கொண்டு, உதவிக்கு அழைக்க வேண்டும். குழுவைப் பிரித்து ஒருவரை வழி பார்க்க அனுப்புவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

மலை மீட்புக்கான எண் 021 937 0300. கைபேசியிலிருந்து 112 அழைத்தாலும் அவசர உதவி கிடைக்கும். மீட்புப் பணிக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் 1891இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க மலையேற்றச் சங்கத்தினர் போன்ற தன்னார்வலர்கள். தங்கள் வேலையையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு இருட்டில் கயிற்றோடு மேலே வருகிறவர்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். புறப்படும் முன் எந்தப் பாதையில் ஏறி எதில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இறங்கி வந்ததும், குளிக்கவும் சாப்பிடவும் போவதற்கு முன், வந்துவிட்டோம் என்று அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.